மாரிமுத்து, தொண்ணூற்றொன்பது சதவீதம்

1

ஜெர்மனிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இன்னமும் தபால்பெட்டியைத் திறப்பதைச் சாயங்காலம் வரை தள்ளிப்போடுகிறேன். இங்கே நல்ல சேதி போனில் வரும். கடிதத்தில் வருவதெல்லாம் பத்தி எண், உட்பிரிவு எண், பதினான்கு நாள் கெடு.

அன்றைக்கு வந்த கடிதம் அரசாங்கத்திலிருந்து வந்தது அல்ல. நாங்கள் இருக்கும் ஊரில் பழைய வீடியோ கேம்களைச் சேகரித்துப் பாதுகாக்கிற ஒரு சங்கம் உண்டு. முப்பது நாற்பது பேர்தான். ஆனாலும் தலைவர், செயலாளர், விதிமுறைப் புத்தகம், கூட்டக் குறிப்பு எல்லாம் இருக்கிறது. நாலு ஜெர்மானியர் சேர்ந்து புறா வளர்ப்பதென்றால்கூட முதலில் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் தீனி போடுவார்கள். அந்தச் சங்கம் எழுதியிருந்தது: "மதிப்பிற்குரிய மாரிமுத்து அம்மையாருக்கு. சிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் தாங்கள் பதிந்திருக்கும் தொண்ணூற்றொன்பது சதவீதத்தை நீக்க உத்தேசித்துள்ளோம். காரணம், ஆட்டத்தின் பிழையைத் தாங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்கள். ஆட்சேபணை இருப்பின் பதினான்கு நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

என் பெயர் தமிழ்ச்செல்வி. மாரிமுத்து என் அப்பா. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் அவர் பெயர் ஏறிக்கொண்டது. விமானம் இறங்கிய நாளிலிருந்து நான் ஃப்ராவ் மாரிமுத்து, அதாவது திருமதி மாரிமுத்து. வங்கியில், ஆஸ்பத்திரியில், வீட்டு அழைப்பு மணியின் பக்கத்தில், எல்லா இடத்திலும் அவர்தான். நான் நர்ஸாக இருக்கும் முதியோர் இல்லத்தில் என் சட்டையில் குத்திய வில்லையிலும் அவர். பூதலூருக்குப் பக்கத்தில் மம்பட்டி பிடித்த மனிதர், திருச்சிக்கு மேற்கே போகாதவர், என் சட்டைப் பையின் மேல் உட்கார்ந்துகொண்டு தினமும் ஜெர்மன் கிழவிகளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சங்கத்தின் பட்டியலிலும் குடும்பப் பெயரை மட்டும்தான் போடுவார்கள். முதல் வரியில் 'மாரிமுத்து, 99' என்று இருந்தது. அதைத்தான் அடிக்கப் போகிறார்கள். அப்பாவின் கணக்கை ஒரு பதிவேட்டில் அடித்துத் திருத்தியதை ஏற்கெனவே ஒருமுறை கண்ணால் பார்த்தவள் நான். இரண்டாவது முறை பார்க்கிற உத்தேசம் எனக்கு இல்லை. இந்தக் குறிப்பை ஊரில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே இருப்பவர்களுக்கு வரப்பு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

2

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் மேல்நாடுகளில் ஆர்கேடு என்று கடைகள் இருந்தன. ஆள் உயரப் பெட்டிகள், நின்றுகொண்டே ஆட வேண்டும். அதில் பேர்போன ஆட்டம் ஒன்று. கறுப்புத் திரை. அதைச் சுற்றி வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டின் மேல் நகரும் ஒரு புள்ளி, அதுதான் நீங்கள். புள்ளியைத் திரைக்குள் இறக்கிக் கோடு இழுத்துக்கொண்டு போய் மறுபடி ஓரத்தில் சேர்த்துவிட்டால், வளைத்த இடம் உங்களுடையது. உள்ளே ஒரு பூச்சி துள்ளித் திரியும். நீங்கள் கோட்டை முடிப்பதற்குள் அது கோட்டைத் தொட்டுவிட்டால் தொலைந்தீர்கள். மேலே மூலையில் எத்தனை சதவீதம் பிடித்திருக்கிறீர்கள் என்று ஒரு எண் ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான், நிலம் பிடிக்கிற ஆட்டம்.

பிறகு இதை வீட்டு டிவியில் ஆடுவதற்காகச் சின்ன கன்சோலுக்கு மாற்றினார்கள். கன்சோலில் இடம் போதவில்லையோ, ஆளுக்கு அவசரமோ, இரண்டு விஷயத்தை விட்டுவிட்டார்கள். பெரிய பெட்டியில் மெதுவாகக் கோடு இழுத்தால் பின்னாலேயே ஒரு தீப்பொறி துரத்திக்கொண்டு வந்து சுடும். வீட்டு ஆட்டத்தில் தீப்பொறி கிடையாது. பெரிய பெட்டியில் முக்கால் திரையைப் பிடித்ததும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். வீட்டு ஆட்டத்தில் போகாது. நீங்களாக நிறுத்தும் வரைக்கும் பிடித்துக்கொண்டே இருக்கலாம். விஷயம் தெரிந்தவர்கள் இதை அரைகுறை என்பார்கள். பெரிய பெட்டியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற சங்கத்துக்காரர்கள் வீட்டு ஆட்டத்தைச் சீந்துவதில்லை. பட்டியலில் அதற்கு ஒரு பக்கம் இருந்தது, அதில் ஒரு பெயர்கூட இல்லை.

என் மகள் கயல்விழிக்குப் பதினாறு வயது. சனிக்கிழமைகளில் அந்தச் சங்கத்தில் பழைய கன்சோல்களைத் துடைத்து அடுக்கப் போவாள். என்னோடு பேசுவதைவிட அந்தப் பெட்டிகளோடு அதிகம் பேசுவாள். போன இலையுதிர் காலத்தில் சங்கத்தில் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். அம்மா ஒருமுறையாவது வந்து பார்க்கட்டும் என்று கூப்பிட்டாள், போனேன். வாசலில் ஒரு மரப்பெட்டி. 'வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்' என்று அட்டை. அதில் கிடந்த ஒரு கேசட்டை ஒரு சின்னப் பையன் எடுத்துச் செருகிப் பார்த்தான், பிடிக்காமல் எழுந்து போய்விட்டான். திரையில் கறுப்பு வயலும் சுற்றிலும் வெள்ளை வரப்பும் நின்றன.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கை தானாகப் போய் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டியது. வெட்டிய இடம் பச்சையாக நிரம்பியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அந்த ஆட்டத்தைக் கறுப்பு வெள்ளை டிவியில் மட்டுமே ஆடியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷமாக அந்த நிலம் சாம்பல் நிறம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

எங்கள் தெருவுக்கு அது வந்த வழியைக் கேளுங்கள். பூதலூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஹமீது பாய் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். அவருடைய தம்பி துபாயிலிருந்து வரும்போதெல்லாம் டார்ச் லைட், செண்டு, கைலி என்று கொண்டுவந்து இறக்குவார். ஒருமுறை டிவி கேம் ஒன்றும் வந்தது. கூடவே மூன்று கேசட். குதித்து ஓடுகிற ஆட்டமும் சுடுகிற ஆட்டமும் உடனே போய்விட்டன. மெஷினும் யாருக்கும் வேண்டாத மூன்றாவது கேசட்டும் கண்ணாடி அலமாரியில் தூசி அடைந்து கிடந்தன.

அப்பா பாய் வீட்டு மாட்டுக்கு வைக்கோல் போடுகிறவர். ஒரு நடை வண்டியை அவிழ்க்கும்போது பாய் சொன்னாராம், "மாரி, இத கொண்டுபோய் புள்ளைங்ககிட்ட குடு. இங்க இருந்தா எலி கடிச்சிடும்."

"இதுல என்னா பாய் வரும், படம் வருமா?"

"கோடு வரும். நெலம் புடிக்கிறது."

"நெலம் புடிக்கிறதா," என்று அப்பா சிரித்தாராம். "குடுங்க, குடுங்க. நமக்கு ஆவுற காரியந்தான்."

எங்கள் வீட்டில் டிவி ஏது. தெருவில் பஞ்சாயத்து டிவி ஒன்று சமுதாயக் கூடத்தில் மரக்கூண்டுக்குள் இருந்தது. கூடத்தைப் பெருக்குவது அம்மாவின் வேலை, அதனால் கூண்டுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். அந்தக் காலத்தில் பகலில் டிவியில் ஒன்றும் கிடையாது, சாயங்காலம்தான் நிகழ்ச்சி ஆரம்பிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து நிகழ்ச்சி ஆரம்பிக்கும் வரை அந்தப் பெட்டி எங்களுடையது. எனக்குப் பதின்மூன்று, தம்பி இளங்கோவுக்குப் பத்து. தெருப் பிள்ளைகள் எல்லாம் மேளம் கொட்டாத குறையாக எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவார்கள். பெயர்களைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், அப்பாவுக்குத் திராவிட மேடைப்பேச்சு என்றால் உயிர். பிள்ளைகளுக்கு வைத்ததெல்லாம் அந்த மேடையில் கேட்ட பெயர்கள்.

4

திரையில் துள்ளும் பூச்சிக்கு நாங்கள் வைத்த பெயர் நண்டு. வயல் நண்டு வரப்பைத் துளைப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறவர்கள், வேறு என்ன பெயர் வைப்போம். எங்கள் புள்ளிக்குப் பெயர் மம்பட்டி.

இளங்கோ ஆடினால் ஆளையே சாப்பிட்டுவிடுவது மாதிரி ஆடுவான். நடு வயலில் இறங்கி ஒரே வெட்டில் பாதித் திரையை வளைக்கப் பார்ப்பான். நண்டு வந்து ஒரு துள்ளு துள்ளும், முடிந்தது. நான் அப்படி இல்லை. எனக்கு நண்டென்றால் பயம். ஓரத்தை ஒட்டி, கோட்டுக்குக் கோடு, ஒரு மயிரிழை அகலத்துக்கு வெட்டுவேன். நண்டு அந்தச் சந்துக்கு வராது. பிறகு அந்தப் புது ஓரத்தை ஒட்டி இன்னொரு மயிரிழை. எண் ஏறவே ஏறாது. பத்துத் தடவை வெட்டினால் ஒன்று ஏறும்.

"என்னாக்கா இது," என்றான் இளங்கோ கொட்டாவி விட்டுக்கொண்டே. "ஆட்டம் ஆடச் சொன்னா அண்டை வெட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க."

சம்பா நடவுக்கு முன்னால் வரப்பின் இரண்டு பக்கத்தையும் மம்பட்டியால் செதுக்குவார்கள். புல்லும் நண்டு வளையும் போக, புதுச் சேறு வைத்து மெழுகுவார்கள். இதற்குத்தான் அண்டை வெட்டுவது என்று பெயர். அண்டை என்றால் பக்கம், பக்கத்து வீட்டுக்காரன் என்றும் ஆகும். அவன் சொன்னதிலிருந்து எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் என் ஆட்டம் அண்டை வெட்டுதான். எனக்கு அது கேலியாகவே படவில்லை. தொண்ணூற்று நாலு வரை போயிருக்கிறேன். அதற்குள் வயலும் வாழ்வும் போடுகிற நேரம் ஆகிவிடும், பெரியவர்கள் வந்து வயரைப் பிடுங்கிவிடுவார்கள்.

5

எங்களுக்கு மூன்று மா நிலம் இருந்தது, ஏக்கர் என்று சொன்னால் ஏறத்தாழ ஒன்று. உச்சவரம்புச் சட்டத்தில் மேலக்கரைப் பண்ணையிடமிருந்து உபரியாக எடுத்த நிலம். அப்பா அதே பண்ணையில் கூலிக்கு நின்றவர். பட்டா கொடுத்த அன்றைக்கு இரண்டு கட்சிக் கொடியும் செங்கொடியும் ஒரே பந்தலில் பறந்ததாம், ஆளாளுக்குத் தன்னால்தான் நிலம் வந்தது என்று மைக்கில் சொன்னார்களாம். அப்பா எல்லோருக்கும் கை தட்டினார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் எழுத்து கற்றுக்கொண்டிருந்ததால் கைநாட்டு வைக்காமல் மாரிமுத்து என்று கையெழுத்துப் போட்டு வாங்கினார். அந்தப் பட்டாவை ஒரு பாலிதீன் உறையில் போட்டு, அந்த உறையை ஒரு டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். அரிசி தீர்ந்தால் அம்மா டப்பாவைத்தான் முதலில் பார்ப்பார்.

எங்கள் வயலுக்கு மூன்று பக்கமும் பண்ணை வயல். அந்த வருஷம் நடவு முடிந்து அம்மா ஒரு கட்டு நாற்றை வாய்க்கால் கரையில் போட்டுவிட்டு நின்றார்.

"என்னாம்மா, மிச்சமா?" என்றேன்.

"வருஷா வருஷம் மிச்சமாவுது. மொத வருஷம் பத்தாம பக்கத்துல வாங்கி நட்டோம். கொஞ்சம் கொஞ்சமா மிஞ்ச ஆரம்பிச்சிது. என் கைதான் வயசாயி அகலமா நடுதுபோல."

அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட இல்லை. ஏழெட்டு ஊருக்கு நடவுக்குக் கூப்பிடுகிற கை அது. தன் கை மேல் சந்தேகப்பட்டாரே ஒழிய, நிலத்தின் மேல் சந்தேகப்படவில்லை. நிலம் எங்கே போகும்?

நான் வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்குத் தெரியாமல் பத்துத் தடவை வெட்டினால் எண்ணில் ஒன்று ஏறும் என்பது எங்கள் தெருவில் எனக்குத்தான் தெரியும். பண்ணை ஆட்கள் ஒவ்வொரு வருஷமும் அவர்கள் பக்கத்து அண்டையைக் கொஞ்சம் ஆழமாகச் செதுக்கிவிடுவார்கள். வரப்பு மெலிந்துபோகும். மெலிந்தால் தண்ணீர் நிற்காது. அதனால் அப்பா எங்கள் பக்கத்தில் சேறு வைத்துக் கெட்டிப்படுத்துவார். அடுத்த வருஷம் அவர்கள் மறுபடி செதுக்குவார்கள், அப்பா மறுபடி மெழுகுவார். வரப்பு நடந்து நடந்து எங்கள் வயலுக்குள் வந்துகொண்டிருந்தது, அதை நடத்திக் கூட்டி வந்தது எங்கள் அப்பாவின் கை.

"அப்பா, நம்ம வரப்பு நவுருதுப்பா," என்றேன்.

"வரப்புக்குக் காலா இருக்கு? டிவி பாத்துப் பாத்து ஒனக்குக் கண்ணு போச்சு."

அம்மா மிச்ச நாற்றைப் பார்த்தார், பிறகு வரப்பைப் பார்த்தார். "இருங்க," என்றார். "புள்ள சொல்றது சரிதான்."

6

மனு எழுதி, அலைந்து, அடுத்த கோடையில் சர்வேயர் வந்தார். புலப்படத்தை வரப்பில் விரித்தார். அம்மா நாற்றுக் கணக்கைச் சொன்னார். சர்வேயர் சிரித்துவிட்டார்.

"நாத்துக் கட்ட வெச்சு நெலத்த அளக்க முடியாதும்மா."

"சங்கிலியப் போடுங்க சார். அப்பறம் சிரிங்க," என்றார் அம்மா.

சங்கிலி போட்டார்கள். மாவுக்கு நூறு குழி என்ற கணக்கில் முந்நூறு குழி இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்று அறுபத்து நாலு இருந்தது. எல்லைக்கல் பண்ணை வயலுக்குள்ளே, மண்ணில் புதைந்து கிடந்தது. சர்வேயர் அதற்குப் பிறகு அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை.

நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பதின்மூன்று வயதில் அப்படித்தான் தோன்றும். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் மடை பண்ணையின் வயலில் இருந்தது. பஞ்சாயத்தில் பண்ணையார் சத்தம் போடவில்லை, திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "மாரி, வரப்பு ஒன்னோடது, மடை என்னோடது. எது வேணும்னு நீயே சொல்லு," என்றார். பட்டா கொடுத்த நாளில் மைக் பிடித்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒருவர்கூட அன்றைக்குத் தொண்டையைச் செருமவில்லை. இப்போது இருக்கிற வரப்பையே எல்லையாக வைத்துக்கொள்வதாக ஒரு சமாதானக் காகிதம் எழுதினார்கள். அப்பா குனிந்து மாரிமுத்து என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வரும்போது நான் அழுதுகொண்டே கேட்டேன், ஏன் போட்டீர்கள் என்று. "தண்ணி இல்லாத முந்நூறு குழிய வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது செல்வி," என்றார். "தண்ணி உள்ள எரநூத்தி அறுவது சோறு போடும்." கணக்குப்படி அவர் சொன்னது சரி. அந்த இருநூற்று அறுபதில்தான் நான் நர்சிங் படித்தேன். ஆனால் பதிவேட்டில் பழைய எண்ணை அடித்துப் புது எண் எழுதியபோது நான் பக்கத்தில் நின்றேன். கிளார்க் ஸ்கேல் வைத்து, நீல மசியில், ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம். அப்பா இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, கோபம் அவருக்குப் பின்னால் போகவில்லை.

7

அந்த மரப்பெட்டியிலிருந்து கேசட்டை எடுத்து வந்தேன், கன்சோலைக் கயல்விழி சங்கத்தில் இரவல் வாங்கி வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். கயல்விழி கேமராவை நிறுத்திவிட்டு அவள் அறைக்குப் போய்விட்டாள். கணவர் இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆறு மணி நேரம் அண்டை வெட்டினேன். கடைசியில் நண்டுக்குத் திரும்பக்கூட இடமில்லை, ஒரு அரிசி அளவு கறுப்பில் நடுங்கிக்கொண்டிருந்தது. மூலையில் தொண்ணூற்றொன்பது. சங்கம் வீடியோ முழுவதையும் பார்த்து, பட்டியலில் ஏற்றியது. ஆறு மணி நேரத்தையும் முழுதாகப் பார்த்திருக்கிறார்கள், அதில் நான் அவர்களை மெச்சுகிறேன். மூன்று மாதம் கழித்து யாரோ எழுதிய புகாரின் பேரில் அந்தக் கடிதம் வந்தது.

ஆட்சேபணையை நானே ஜெர்மனில் எழுதினேன். என் ஜெர்மன் நோயாளிகளிடம் நன்றாக ஓடும், காகிதத்தில் நொண்டும். அப்பாவின் நிலத்தில் நடந்ததைத்தான் நான் ஆட்டத்தில் ஆடினேன் என்று சொல்ல வந்தேன். விளையாடுவது என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு 'ஃபெர்' சேர்த்தால் அழுத்தமாக இருக்கும் என்று சேர்த்துவிட்டேன். கயல்விழி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "அம்மா, தாத்தா நிலத்தைச் சூதாடித் தோத்துட்டாருன்னு எழுதியிருக்க."

திருத்தும்போது முழுக் கதையையும் முதல்முறையாக அவளிடம் சொன்னேன். மடை, பஞ்சாயத்து, நீலக் கோடு வரைக்கும். கேட்டுக்கொண்டு இருந்தவள் கடைசியில், பாதி ஜெர்மனும் பாதித் தமிழுமாகக் கேட்டாள்.

"அப்போ நீ ஆடுறது அந்தப் பண்ணையார் ஆட்டம்தானே? அவர் தாத்தாவுக்குப் பண்ணினதை நீ நண்டுக்குப் பண்ற. அவங்க ஏமாத்துன்னு சொல்றதுல என்ன தப்பு?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் அதோடு விடவில்லை. "மாரிமுத்து உன் பேர் மட்டும் இல்ல. ஸ்கூல்ல எனக்கும் அதான் பேர். அந்தச் சங்கத்துல என் கிளாஸ் பசங்க ரெண்டு பேர் இருக்காங்க. மாரிமுத்து திருட்டு ஆட்டம் ஆடுறாங்கன்னு என்னைத்தான் சொல்றாங்க."

அது உண்மை. அவள் பிறந்தபோது அவளுடைய அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைக்கக் கேட்டோம். பதிவு அலுவலகத்து அம்மாள் முடியாது என்றார். அப்பாவின் குடும்பப் பெயர் அல்லது அம்மாவின் குடும்பப் பெயர், இரண்டில் ஒன்றுதான். அதாவது இரண்டு தாத்தாக்களில் ஒருவர். என் மாமனார் பெயர் வெங்கடசுப்பிரமணியன். அந்த அம்மாள் அதை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் பார்த்தார், என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்தார், நாங்களும் மாரிமுத்து என்றே போடச் சொல்லிவிட்டோம்.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன். "அவன் வெட்டினது யாருக்கும் தெரியாம. நான் வெட்டினத ஆறு மணி நேரம் படம் புடிச்சு நானே அனுப்பியிருக்கேன். திருடுறவன் கேமரா வெச்சிக்கிட்டா திருடுவான்? அவன்கிட்ட மடை இருந்துது, எங்கிட்ட என்ன இருந்துது, ஒரு புள்ளி. ஆட்டத்தில தப்பு விட்டது எழுதினவன். நான் அந்தத் தப்புக்குள்ள பொறுமையா உக்காந்தேன், அவ்வளவுதான். பொறுமையா உக்காருறது குத்தம்னு எந்த விதியில இருக்கு, எடுத்துக் காட்டச் சொல்லு."

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

8

வருடாந்திரக் கூட்டம் ஒரு சனிக்கிழமை மதியம் நடந்தது. காப்பி, கேக், நிகழ்ச்சி நிரல். என் விவகாரம் ஆறாவது. ஐந்தாவது, கழிவறைச் சாவியை யார் வைத்திருப்பது என்பது. அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. கயல்விழி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வரச் சொல்லவில்லை, அவளாக வந்தாள்.

தலைவர் ஹெர் ஃபோய்க்ட் ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர். கெட்ட மனிதர் இல்லை. பெரிய பெட்டி ஆட்டத்தில் அவர் இளவயதிலேயே பேர் வாங்கியவர், அந்தத் தீப்பொறிக்குத் தப்பியவர். தீப்பொறி இல்லாத இடத்தில் ஒருத்தி தொண்ணூற்றொன்பது எடுத்தது அவருக்கு உறுத்துகிறது. அது எனக்குப் புரிந்தது. நான் எழுந்து, கயல்விழி திருத்திய கடிதத்தைப் படித்தேன். வரப்பு என்ற இடத்தில் வரப்பு என்றே படித்தேன். அண்டை வெட்டு என்பதற்கு ஜெர்மனில் சொல் இல்லை, அதனால் அதையும் அப்படியே படித்தேன். மூன்று பேர் அதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்கள்.

ஹெர் ஃபோய்க்ட் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் பொறுமையை யாரும் சந்தேகிக்கவில்லை," என்றார். "நீக்க வேண்டாம். ஒரு சமாதானம் சொல்கிறேன். பட்டியலின் கீழே, தனியாக, 'பிழையின் வழியாக' என்ற குறிப்போடு வைத்துக்கொள்வோம். முதல் இடத்தைக் காலியாக விடுவோம். இதற்கு நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்."

செயலாளர் பெண் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினாள். நேர்மையான பெண். பதிந்தவர் சம்மதிக்கவில்லையென்றால் பதிவு அடுத்த வருடாந்திரக் கூட்டம் வரை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே இருக்கும் என்று வாசித்தாள். அடுத்த வருஷம் மறுபடி பேச வேண்டும். அதற்கடுத்த வருஷமும். தஞ்சாவூர் கோர்ட்டில் இதற்கு ஸ்டே என்று பெயர், வருஷக் கணக்கில் ஓடும் என்பதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

காகிதம் மேசை மேல் தள்ளப்பட்டு என் பக்கம் வந்தது. மேலே ஒரு பேனா. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சமாதானமாகப் போய்விடலாம், யாருக்கும் நஷ்டமில்லை, காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது என்ற பார்வை. அந்தப் பார்வையை நான் முன்னால் ஒரு பஞ்சாயத்தில் பார்த்திருக்கிறேன். இங்கே என் தண்ணீர் யார் மடையிலும் இல்லை. என் சம்பளம் இவர்களிடம் இல்லை, என் விசா இவர்களிடம் இல்லை. அப்பாவுக்கு அன்றைக்கு இல்லாதது எனக்கு இன்றைக்கு இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாலும் எங்கள் வீட்டில் சோறு வேகும். அதைச் சொல்வதற்கு ஜெர்மனில் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். வினைச்சொல் நடுவிலா கடைசியிலா என்று பார்க்க வேண்டுமே.

"ஃப்ராவ் மாரிமுத்து," என்றார் ஹெர் ஃபோய்க்ட். "சம்மதமா?"

"இல்லை," என்று பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்தது.

கயல்விழி காகிதத்தை, பேனாவோடு சேர்த்து, அவர் பக்கமே தள்ளிவிட்டாள். முகம் சிவந்திருந்தது. அவளுடைய வகுப்புப் பையன்கள் இருவரும் பின்வரிசையில் இருந்தார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டக் குறிப்பு நேற்று தபாலில் வந்தது. ஆறாவது பொருளுக்குக் கீழே ஒரே வரிதான். மாரிமுத்து சம்மதிக்கவில்லை. எந்த மாரிமுத்து என்று எழுதவில்லை.